‘கௌரி’ என்ற பெயரை உங்கள் கணினி எப்படி எழுதும்? – டிஜிட்டல் அடையாள அட்டை குறித்து வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

டிஜிட்டல் பொருளாதார அமைச்சு, ஆட்பதிவுத் திணைக்களம், தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கைவிரல், கருவிழி, முகம் மூன்றையும் பதிந்து ஆளுக்கொரு இலக்கம் தரும் திட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒரே பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் மாறிமாறிக் கொடுத்துச் சலித்த சனம் வன்னியில் நிறைய உண்டு. அந்த அலைச்சல் குறையுமென்றால் நல்லதுதான். எங்கள் கவலை வேறு. இந்த முறை முழுவதும் ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’ என்ற இரண்டு விடைகளில் நிற்கிறது. முப்பது வருடப் போரிலும் இடப்பெயர்விலும் பதிவேடுகள் எரிந்தும் நனைந்தும் சிதறியும் போன ஒரு பிரதேசத்தில் அது மற்ற இடங்களைவிட அதிகமாகப் ‘பொருந்தவில்லை’ என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதைச் சரிசெய்யும் பொறுப்பு கந்தோருடையதா, வரிசையில் நிற்கும் ஆளுடையதா? கந்தோருடையது என்று எழுத்தில், வர்த்தமானியில் வேண்டும். இந்த மடலின் மற்றவை எல்லாம் அதற்கான விளக்கமே.

பெயரிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதிகம் உடையப்போவது அங்கேதான்.

கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாகத் தட்டச்சு செய்தால், கணினிகள் எழுத்துக்களைக் குறிக்கும் பொது நியமமான யூனிகோட்டில் அது 4 குறியீடுகள்: க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி. ஆனால் நம் கந்தோர்களில் பலர் க போட்டு, ஒற்றைக்கொம்பு போட்டு, அதன் பின் ள என்ற எழுத்தைப் போடுகிறார்கள். அப்போது 5 குறியீடுகள். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கு இவர்கள் இரண்டு பெண்கள். சௌந்தரராசாவுக்கும் இதே கதை. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு வழி உண்டு. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது மற்றது. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டிவிடும். ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஸ்ரீரஞ்சனி எத்தனை பேர் என்று ஒரு கிராம அலுவலர் பிரிவின் வாக்காளர் இடாப்பை எடுத்துப் பாருங்கள்.

‘என்.எஃப்.சி. இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) இதைச் சரிசெய்துவிடும்’ என்று மென்பொருள் நிறுவனம் சொல்லக்கூடும். பாதிதான் உண்மை. கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருந்தால் அது ஒன்றுசேர்க்கும். ஔகாரக் குறிக்குப் பதிலாக வந்த ளகரத்தைத் தொடாது. ஸகர ஶகரத்தையும் தொடாது. யூனிகோட்டின் கணக்கில் அவை வேறு வேறு எழுத்துக்கள். ஆகவே தனி விதி எழுதவேண்டும், அதையும் கவனமாக எழுதவேண்டும். கொம்புக்குப் பின் வரும் ளகரத்தை எல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரியில் எழுதினால் தெளிவுநாதனும் வெள்ளைச்சாமியும் சிதைந்துபோவார்கள். அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதை விட்டுவிடவேண்டும். வெறும் ளகரமாக நின்று அடுத்து இன்னொரு எழுத்து வந்தால் மட்டும் ‘பார்க்கவும்’ என்று குறித்து, தமிழ் தெரிந்த ஒரு மனிதரின் கண்ணுக்கு அனுப்பவேண்டும். தானாக மாற்றவே கூடாது.

இது யூனிகோட் தரவுக்கு. பழைய கோப்புகளில் பாதி பாமினியில் இருக்கும். பாமினி என்பது எழுத்துருவின் பெயர்தான்; உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துக் கோவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. மாற்றி மென்பொருளால் யூனிகோட்டாக்கும்போது கொம்புகள் இடம்மாறுவதும், ர என்ற எழுத்தும் கால் குறியும் ஒன்றுக்கொன்று மாறிவிடுவதும் வழமை. எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கு இலங்கையின் சொந்த நியமமே இருக்கிறது. அது கோப்பில் இருக்கிறது, தட்டச்சு செய்பவரின் விரலில் இல்லை.

அடுத்தது ஒலிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ‘தர்மலிங்கம்’. அடையாள அட்டைக்கு அது சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போகும். ஆங்கிலத்தில் ரி.எச். இட்டுத் தொடங்கும் தர்மலிங்கமும் உண்டு, டி.எச். இட்டுத் தொடங்குபவரும் உண்டு. நடுவில் ஜி இட்டவரும் கே இட்டவரும் உண்டு. ஒரே ஆளுக்குக் க.பொ.த. சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, காணி அனுமதிப்பத்திரத்தில் மூன்றாவது. கஜன் என்பவர் கயனாக எழுதப்பட்டால் மூன்று மொழியிலும் வேறு ஆளாகிவிடுவார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னே வரும். ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என்று இரண்டு பெட்டி வைத்த படிவத்தில் எது எங்கே போகும் என்பது அன்றைக்கு மேசையில் இருப்பவரின் விருப்பம். முதலெழுத்தோ இன்னும் மோசம்: ‘மு.’ என்பதும் ‘எம்.’ என்பதும் ஒரே முருகேசுதான் என்று கணினிக்கு யார் சொல்வது?

1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு நுவரெலியாவிலோ பதுளையிலோ கிடக்கும். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழும், தனியாகப் பெறவேண்டிய குடியுரிமைப் பத்திரமும். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களிடம் உத்தேச வயதுச் சான்றிதழ். இவை எல்லாமே சட்டப்படி செல்லுபடியானவை. ஆனால் ‘பிறப்புப் பதிவு இலக்கம்’ என்ற பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாதபடி மென்பொருள் எழுதப்பட்டால், சட்டம் ஏற்றதைத் திரை மறுக்கும்.

செய்யவேண்டியது கடினமில்லை. பிறப்புச் சான்றிதழிலுள்ள தமிழ்ப் பெயரையே மூலமாக வையுங்கள். ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ மென்பொருளால் தமிழ்ப் பெயரை உண்டாக்காதீர்கள். ஆங்கிலப் பெயர் அவர் கையொப்பத்திலும் வங்கியிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே வரட்டும். ஒருவருக்குக் குறைந்தது ஐந்து மாற்றெழுத்து வடிவங்களைச் சேர்த்துவைக்க இடம் விடுங்கள், ஒப்பிடும்போது அவற்றோடும் ஒப்பிடுங்கள். பதிவை இறுதியாக்கும் பொத்தானை அமத்துவதற்கு முன் மூன்று மொழியிலும் அச்சிட்ட ஒரு தாளை அவர் கையில் கொடுத்து, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டி, அந்த இடத்திலேயே திருத்துங்கள். பிறகு திருத்துவதென்றால் இப்போதுள்ள வழி சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகம், பதிவாளர், மறுபடி ஆட்பதிவுத் திணைக்களம். ஒரு கொம்பு மாறியதற்காக ஒருவர் நாலு நாள் கூலியை விடமுடியாது.

இரண்டாவது விடயம் வேறு எந்த மாவட்டத்தையும்விட எங்களுக்குக் கனமானது.

குடும்ப விபரப் பதிவில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிலைக் குறிப்பு இருக்கும்: உயிருடன், இறந்தவர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஏன் நடக்கிறதென்று தெரிந்தவர்களுக்கு, இந்த இரண்டு பெட்டிகளுக்குள் அந்தப் பிள்ளைகளை அடக்கமுடியாதென்பதும் தெரியும். சட்டமே அதை ஏற்றுக்கொண்டது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016 இல் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்களுக்கு அவர் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் வழங்க வழிசெய்தது. தரவுத்தளத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் நடக்கப்போவது இதுதான். கணவனை ‘உயிருடன்’ என்று விட்டால், ‘குடும்பத் தலைவர் இன்னும் பதியப்படவில்லை’ என்று மனைவியின் விண்ணப்பம் நிற்கும். வீட்டின் உழைப்பாளர் கணக்கில் அவரும் எண்ணப்படுவார். ‘இறந்தவர்’ என்று மாற்றினால் விண்ணப்பம் நகரும். மேசையிலிருக்கும் உத்தியோகத்தர் இரக்கப்பட்டே அந்தப் பொத்தானை அமத்தச் சொல்லுவார். ஒரு தாய் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கையெழுத்துப் போட மறுத்த ஒன்றை ஒரு தரவுப் பதிவாளர் ஒரு நொடியில் செய்துவிடுவார்.

மூன்றாவது நிலை ஒன்று வேண்டும். சான்றிதழ் எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல, எந்தச் சான்றிதழும் எடுக்காத குடும்பங்களுக்கும். அந்த நிலையிலுள்ளவரின் பெயர் எந்தக் கொடுப்பனவையும் தடுக்கக்கூடாது. குறிப்பிட்ட வருடங்கள் கடந்தால் தானாக ‘இறந்தவர்’ ஆகும் விதி உள்ளே எங்கும் இருக்கக்கூடாது. நிலையை மாற்றுவதென்றால் நெருங்கிய உறவினரின் எழுத்துமூலச் சம்மதம், யார் எப்போது மாற்றினார் என்ற அழியாத குறிப்பு. தரவுத்தள வடிவமைப்பில் இது ஒரு நிரல், மூன்று விதி. ஒரு நாள் வேலை.

விரலும் கண்ணும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்து விரலை நாலு, நாலு, இரண்டு பெருவிரல் என்று மூன்று தடவையில் எடுப்பார்கள். வயலிலும் சீமெந்து வேலையிலும் நிற்பவர்களுக்கும், நந்திக்கடலில் வலையிழுப்பவர்களுக்கும், பனையோலை கிழிப்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். தரப் புள்ளி எட்டாது. ஈரத்துணியால் துடைத்து, ஒரு நிமிடம் விட்டு, கண்ணாடியையும் துடைத்து மறுபடி எடுத்தால் பலருக்குச் சரிவரும். அறுவடைக் காலத்தில் எடுத்தால் இன்னும் மோசமாகும், பெரும்போக வெட்டு முடிந்து ஒரு மாதம் விட்டு வாருங்கள். கருவிழி எடுப்பதற்குத் தகரக் கொட்டகை முற்றம் ஆகாது, வெயில் தெறித்தால் கமெரா தோற்கும். கண்புரையுள்ளவர்களுக்குச் சில வேளை எதுவுமே சரிவராது. விரல்களையோ கண்ணையோ செல்லடியில் இழந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ‘விதிவிலக்கு’ என்ற பொத்தானை அமத்த மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும் என்று வைத்தால், அந்த மேற்பார்வையாளர் அதே அறையில் இருக்கவேண்டும்.

எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கும்போது இயந்திரம் ஆயிரத்துக்கு ஒருவரைப் பிழையாக ‘ஏற்கனவே பதிந்தவர்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 150 இலட்சம் பேரில் அது 15,000 பேர். அவர்களுக்கு வரும் மறுப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும், யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில்? இவற்றை முதல் விரலைப் பதியும் முன் சொல்லுங்கள்.

இனி நிறுவனங்கள். நாட்டில் ஐந்தாக இருந்த கைபேசி நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன. எடிசலாட்டை 2018 இல் ஹட்ச் வாங்கியது, எயார்டெல் 2024 இல் டயலொக்கோடு சேர்ந்தது. உங்கள் முறையின் ஒவ்வொரு படியிலும் ‘ஓடிபி வரும்’ என்றால், அந்த மூன்று நிறுவனங்களின் சிம் இல்லாமல் குடிமகனாக இருக்கமுடியாது என்று பொருள். இங்கே ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி. சிம் மகனின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ இருக்கும், ஆள் கட்டாரில் இருப்பார். சில மாதம் றீலோட் போடாமல் விட்டால் இலக்கமே போய் வேறொருவர் கைக்குப் போகும், அதோடு ஓடிபியும் போகும். தொலைபேசி இல்லாதவர் கொமினிகேசன் கடைக்குப் போவார். கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதின் அடையாள அட்டைப் படமும் கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, அவர் இல்லாவிட்டால் அரைவாசி விண்ணப்பம் போயே சேராது. மாற்று வழி இருக்கிறது. அரசின் டிஜிட்டல் கையொப்பமிட்ட கியூஆர் குறியை அட்டையிலேயே அச்சிட்டால், சரிபார்ப்பவரின் தொலைபேசியில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவி ஒன்று இருந்தாலே போதும். சிக்னலும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்பில் வேலைசெய்யக்கூடிய ஒரே முறை இதுதான்.

இலக்கத்தைப் பற்றியும் ஒன்று. இப்போதைய 12 இலக்கத்தில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. மார்ச் 1 இல் பிறந்த பெண்ணுக்கு 561. (லீப் அல்லாத வருடத்திலும் பெப்ரவரி 29 ஐ எண்ணிவிடுவார்கள், அதனால்தான் 560 அல்ல.) இலக்கத்தைப் பார்த்த எவருக்கும் வயதும் பிறந்த நாளும் பாலும் தெரிந்துவிடும். புதிய இலக்கம் எந்த அர்த்தமும் இல்லாத எழுமாற்று இலக்கமாக இருக்கட்டும். இந்தத் திட்டத்துக்கு அடிப்படையாகப் பேசப்படும் மொசிப் என்ற திறந்தமூல அடையாள மென்பொருளில், ஒரே ஆளுக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெவ்வேறு குறியீடு கொடுக்கும் வசதி உண்டு. அதைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கிக்கும் நுண்கடன் நிறுவனத்துக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒரே இலக்கம் போகும்; அவர்கள் தங்கள் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஒரு மாலை போதும். நுண்கடனால் இங்கே பெண்கள் பட்ட பாட்டைக் கண்ட பின்னும் ‘யார் எங்கே எத்தனை கடனுக்குக் கேட்டார்’ என்று வாசிக்கக்கூடிய வாசலைத் தனியாருக்குத் திறப்பதென்றால், யாருக்கு, என்ன கட்டணத்துக்கு, எந்தத் தரவுக்கு என்ற பட்டியலை வெளியிட்டுவிட்டுத் திறவுங்கள். ‘ஆம், இல்லை’ என்ற விடையோடு அந்த வாசல் நிற்கட்டும். பிறந்த திகதியும் முகவரியும் வெளியே போகவேண்டியதில்லை.

மொசிப் திறந்தமூலம் என்பதால் எல்லாம் திறந்தது என்று நினைத்துவிடக்கூடாது. விரலையும் விழியையும் ஒப்பிடும் இயந்திரம் அதற்குள் இல்லை, அதைத் தனியே ஒரு வணிக நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தவேண்டும். பூட்டு அங்கேதான் விழும். அந்த நிறுவனம் தன் சொந்த வடிவில் மட்டும் ரேகைகளைச் சேமித்தால், பத்து வருடத்தில் அதைவிட்டு வெளியேற நாடு முழுவதையும் மறுபடி பதியவேண்டும். மூலப் படங்கள் ஐ.எஸ்.ஓ. 19794 என்ற சர்வதேச நியம வடிவில் அரசின் கையில் இருக்கவேண்டும் என்பதும், ஒப்பந்தம் முறிந்தால் யார் எதை எத்தனை நாளில் ஒப்படைப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இந்தத் திட்டம் 2022 மார்ச்சில் இந்தியாவோடு கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் வந்தது. 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபாய் முற்பணமாகவும் கிடைத்தது. நன்கொடைக்கு நன்றி. மறைகுறியாக்கத்தின் தலைத்திறவி யார் கையில், எந்த நாட்டு மண்ணில் என்ற கேள்வி அதனால் இல்லாமல் போவதில்லை. 2023 இல் அரச மேகக்கணினி தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமல் அழிந்தன, ஏறத்தாழ 5,000 முகவரிகள். மின்னஞ்சல் போனால் புதிதாக எழுதலாம். விரல் ரேகை களவுபோனால் புதிய விரல் முளைக்காது.

பாதுகாப்புத் தரப்பு பற்றிப் பேசாமல் வன்னியிலிருந்து இந்த மடலை எழுதினால் அது பொய்யாகிவிடும். போருக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகப் பதிந்ததை எதிர்த்து 2011 இல் உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போனது. அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு சொல்லவேண்டி வந்தது. இனி வீட்டுக்கு வரத் தேவையில்லை, தரவுத்தளத்துக்குள் போனால் போதும். ஆகவே: பொலிஸோ இராணுவமோ புலனாய்வோ நீதிமன்றக் கட்டளையில்லாமல் தேடக்கூடாது. தேடிய ஒவ்வொரு தடவையும் பதிவாகவேண்டும். தன் தரவை யார் பார்த்தார் என்று ஒவ்வொருவரும் பிரதேச செயலகத்தில் அச்சிட்டு எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். முகத்தைக் கூட்டத்தின் படத்தோடு ஒப்பிடும் தேடல் எந்தக் கட்டளையின் பேரிலும் கூடாது. நவம்பரில் மாவீரர் துயிலுமில்லங்களில் நடக்கும் படப்பிடிப்பை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். விரல், விழி போன்ற உயிரளவைத் தரவைத் தனி வகையாக வைக்கிறது. தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்கிறது. ஆனால் அந்த உரிமைகள் உயிர்பெற 2025 மார்ச் 18 என்று குறித்த நாள் பிற்போடப்பட்டது. விரல் முதலில், உரிமை பிறகு என்ற வரிசையைக் கென்யா செய்து பார்த்தது. தரவுப் பாதுகாப்புத் தாக்க மதிப்பீடு செய்யாமல் அட்டை வழங்கத் தொடங்கியது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் சொன்னது. எங்களுக்கு அந்த மதிப்பீடு தமிழில், பதிவு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னதாக வேண்டும்.

மீளாய்வு உரிமை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும 6 துறைகளின் கீழ் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறது. நிராகரிக்கப்பட்டவருக்கு ‘தகுதியில்லை’ என்று தெரியும், எந்தக் குறிகாட்டியில் எத்தனை புள்ளி என்று தெரியாது. தெரியாததால் மேன்முறையீட்டில் வறுமையை விவரிக்கிறார், பிழையான விடையைச் சுட்டமுடியவில்லை. ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்று இன்னும் பெயரில் கிடப்பதும், அக்காவின் காணி தன் பெயரில் பதியப்பட்டிருப்பதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிஜிட்டல் இலக்கத்தோடு இந்தப் பட்டியல்கள் தானாக இணையும்போது அப்படியான பிழைகள் ஒரே நாளில் எல்லாக் கந்தோருக்கும் பரவும். இந்தியாவில் 2017 இல், ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை நீக்கப்பட்ட ஜார்க்கண்ட் குடும்பமொன்றில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றார் தாய், மலேரியா என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டிருந்ததில் சர்ச்சை இருக்கவில்லை. ஆகவே புதிய இலக்கம் இல்லை, பொருந்தவில்லை, இயந்திரம் வேலைசெய்யவில்லை என்ற எந்தக் காரணத்துக்காகவும் எந்தக் கொடுப்பனவும் நிற்கக்கூடாது. பழைய அடையாள அட்டையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் குறைந்தது ஐந்து வருடம் செல்லவேண்டும். புள்ளித் தாளையும் கையில் கொடுங்கள், ஒரு பக்கம்தான்.

பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்; வடக்கில் நிர்வாக மொழி அதுவே. பதிலோடு, பதிவின்போது கொடுக்கப்போகும் அந்த மும்மொழித் தாளின் மாதிரியையும் அனுப்பிவையுங்கள். கரைச்சி, பூநகரி, ஒட்டுசுட்டான், துணுக்காய், வவுனியா வடக்கு, மாந்தை மேற்கு பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் அதை ஒரு மாதம் ஒட்டிவைத்தால், பிழைகளைச் சனமே குறித்துத் தரும். சோதனைப் பெயர்களாகக் கௌரி, ஸ்ரீரஞ்சனி, வெள்ளைச்சாமி மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
படிவங்களோடும் தரவுத்தளங்களோடும் தமிழ்த் தட்டச்சோடும் வேலைசெய்யும் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்.